பார்க்கிறவர்களுக்கான தண்டனை

மண்வெட்டியைத் தோளில் போட்டுவிட்டால் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் நடக்கிற என் அண்ணனுக்கு,

நாங்கள் எல்லாரும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுத மனம் வரவில்லை. இருக்கிறோம், அவ்வளவுதான். அண்ணி தண்ணீருக்குப் போயிருக்கிறார். உங்கள் மகள் ராணியும் இப்போது அம்மாவுக்குச் சமமாகக் குடம் தூக்குகிறாள். இரண்டு பேரும் குளத்துக்குப் போய்த் திரும்ப வெயில் ஏறிவிடும். அவர்கள் வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். அண்ணி முன்னால் உங்களைப் பற்றி எழுத என்னால் முடியாது.

போன கிழமை ஊர்க்கடையில் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் எனக்கு வேலை. முதலாளி ஐயா ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். ஆங்கிலச் செய்தி போனது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறை ஆங்கிலத்துக்கு அதில் பாதிகூடப் புரியவில்லை. ஆனால் யாரோ ஒரு பெரிய மனிதர் பேசும்போது ஒரு சொல் விழுந்தது. டிட்டரன்ட். தராசுத் தட்டிலிருந்து அரிசி நிலமெல்லாம் சிந்திவிட்டது. முதலாளி ஐயா, "என்ன பிள்ளை, யோசனை எங்கையோ?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அண்ணே, அந்தச் சொல் உங்களுக்கு நினைவிருக்கும். உங்களைக் கொண்டுபோன சொல் அதுதான்.

எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத்து லயத்து வீடுகளை எரித்து நம்மை விரட்டிய பிறகு, லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து கனகராயன்குளத்துக்கு அப்பால் இந்தக் காட்டு ஓரத்தில் இறக்கிவிட்டார்கள். உயிரோடு வந்ததே பெரிது என்று இருந்தோம். தேயிலைக்கும் குளிருக்கும் பழகிய காலுக்கு இந்த மண் சுட்டது. காணி கொடுத்தார்கள். கொடுத்த காணியில் தண்ணீர் இல்லை. குடியேற்றத்து ஆட்கள் சேர்ந்து இரண்டு இடத்தில் கிணறு தோண்டிப் பார்த்தார்கள். இரண்டிலும் பாறைதான் வந்தது. குளம் தூரம். கோடை வந்தால் குளத்தில் எருமைகளும் நாமும் ஒரே சேற்றைத்தான் கலக்கிக்கொண்டு நின்றோம்.

நம் காணி முடிகிற எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள் கொஞ்சத் தூரத்தில், கோடையிலும் பச்சையாக ஒரு பள்ளம் இருந்தது. விறகுக்குப் போனபோது நீங்கள்தான் பார்த்தீர்கள். காட்டுப்பன்றி கிளறிப் போட்ட குழியில் தண்ணீர் ஊறி நின்றது என்று ஓடி வந்து சொன்னீர்கள். அன்றைக்கு உங்கள் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் உங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. அண்ணி கோபித்துக்கொள்ளட்டும்.

குழி தோண்டுகிற அலவாங்கு இரவல் கேட்டு ஊருக்குள் கணபதிப்பிள்ளை ஐயாவிடம் போனோம். அவர் இந்த ஊர்க் கமக்காரர், தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணை உழுது அறிந்தவர். அலவாங்கைக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி வேலாயுதம், கல்லுக்கு அங்கால போகாதேங்கோ. உது அரசாங்கக் காடு. லொறி லொறியா மரம் ஏத்திறவனை விடுவாங்கள், உங்களை விடமாட்டாங்கள்."

"நாங்க மரத்துக்கா போறோம் ஐயா? தண்ணிக்குத்தானே போறோம்."

"ஓம் தம்பி, எனக்கு விளங்குது. அவங்களுக்கு விளங்க வேணுமே."

நீங்கள் சிரித்துவிட்டு வந்தீர்கள். தண்ணீருக்கு யாராவது வழக்குப் போடுவார்களா என்று வழி முழுக்க என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தீர்கள். எனக்கும் அது நடக்காது என்றுதான் பட்டது.

குடியேற்றமே திரண்டு வந்தது. பாதைக்காகச் சில மரங்களை வெட்டினோம், அதை மறைக்கவில்லை. ஆண்கள் தோண்டினார்கள், பெண்கள் மண் சுமந்தோம். சின்னச்சாமி மாமா உங்களுக்கு மாற்று ஆளாகக் குழிக்குள் இறங்கினார். ஈர மண் வந்தது, பிறகு களி வந்தது, பிறகு ஒரு பக்கத்திலிருந்து தண்ணீர் கசிந்தது. நீங்கள் உள்ளே நின்றுகொண்டு, "ஊறுது, ஊறுது" என்று கத்தினீர்கள். குரல் மட்டும் மேலே வந்தது. அண்ணி அழுதுவிட்டார். கலங்கல் தெளியும்வரை காத்திருந்து, எல்லாரும் குடித்த பிறகுதான் நீங்கள் குடித்தீர்கள். அந்த மாதம் எங்கள் பிள்ளைகள் யாருக்கும் வயிற்றோட்டம் வரவில்லை.

பிறகு ஜீப் வந்தது.

நீங்கள் கிணற்றுக்குள் இறங்கிச் சுற்றுக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். மேலே நின்றவர்கள் ஜீப் சத்தம் கேட்டதும் காட்டுக்குள் மறைந்தார்கள். வன இலாகா அதிகாரி கிணற்று வாயில் நின்று, யார் வெட்டியது என்று கேட்டார். நீங்கள் ஏறி வந்து, கையில் ஒட்டிய களியை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "நான்தாங்க" என்றீர்கள்.

"தனியாவோ?"

"ஆமாங்க."

அப்படி ஒரு கிணற்றை ஒரு ஆள் தனியாக வெட்ட முடியுமா? அதிகாரிக்கும் தெரியும். சிரித்தார். ஆனால் அவருக்கு ஒரு ஆள் போதுமாக இருந்தது. அது ஏன் என்று எனக்குக் கோட்டில் வழக்கு நடந்தபோதுதான் விளங்கியது.

வழக்கு நாளன்று குடியேற்றத்து ஆட்கள் பாதிப்பேர் பஸ் பிடித்து டவுனுக்கு வந்தார்கள். தங்களைக் காட்டிக்கொடுக்காத மனிதனுக்கு ஒரு மரியாதை. கோட்டின் பின்பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். முதலில் கூப்பிட்ட வழக்கு எல்லாம் மரம் வெட்டிய வழக்குத்தான். ஒவ்வொருவருக்கும் குற்றப்பணம். கட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்கள். உங்களுக்கும் அப்படித்தான் முடியும் என்று அண்ணி என் கையைப் பிடித்துச் சொன்னார்.

நமக்காக ஒரு வயதான சட்டத்தரணி எழும்பினார். அடிபட்டு வந்த சனம், தண்ணீருக்காக வெட்டினார்கள் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். மறுபக்கத்துச் சட்டத்தரணி எழும்பினார். அவர் பேசும்போது உங்களைப் பார்க்கவே இல்லை அண்ணே. திரும்பிப் பின்னால் நின்ற எங்களைப் பார்த்தார். இன்றைக்கு ஒரு கிணறு என்றால் நாளைக்கு ஒரு குடிசை, நாளன்றைக்கு ஒரு ஊர் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அப்போதுதான் அந்தச் சொல்லை முதல்தடவை கேட்டேன். நீதவானும் அதே சொல்லைத் திரும்பச் சொன்னார். எழுதினார். மொழிபெயர்க்கிறவர் உங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக அமையும் விதத்தில்…"

நீங்கள் மிச்சத்தைக் கேட்கவில்லை. எச்சரிக்கை என்ற ஒரு சொல்தான் உங்கள் காதில் விழுந்தது. எச்சரித்துவிட்டு விடுகிறார்கள் என்று நினைத்துவிட்டீர்கள். கை இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டீர்கள்.

"ரொம்பப் புண்ணியமுங்க சாமி. இனிமே செய்யமாட்டேனுங்க."

கோட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீதவான்கூடக் குனிந்துகொண்டு சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள், எல்லாரும் சிரிக்கிறார்களே என்று. அப்போதுதான் பொலிஸ்காரர் உங்கள் கையைப் பிடித்தார். உங்கள் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, போக வழி தெரியாமல். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆறு மாதம் கடூழியச் சிறை என்று அண்ணிக்கு விளங்கவைக்க எனக்கு வாய் வரவில்லை.

வெளியே வேப்பமரத்துக்குக் கீழே சட்டத்தரணியைப் பிடித்துக் கேட்டேன்: "ஐயா, அவங்க ரெண்டு பேரும் சொன்னாங்களே ஒரு சொல்லு, அதுக்கு என்ன அர்த்தம்?"

"டிட்டரன்டோ? அது ஒரு அட்ஜெக்டிவ் பிள்ளை. பெயருக்கு முன்னால வைக்கிற சொல். இப்ப தண்டனைக்கு முன்னால வைச்சிருக்கினம்." அவர் தன்னுடைய கறுப்புக் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒரு கதவைப் பூட்டி வைச்சா, அது தடை. பூட்டில்லாத கதவைத் தொடவே ஒருத்தன் பயந்து கையை இழுக்கிறான் எண்டால், அவனைப் பயப்படுத்தினது எதுவோ, அதுக்குத்தான் டிட்டரன்ட் எண்டு பேர். உங்கட அண்ணனுக்குக் குடுத்த தண்டனை அவருக்கில்லை. பின்னால நிண்டு பார்த்தீங்களே, உங்களுக்கு."

"பாக்குறவங்களுக்கு உள்ள தண்டனைய எங்க அண்ணன் எதுக்குங்க அனுபவிக்கணும்?"

அவர் கறுப்புக் கோட்டை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "கவனமாப் போங்கோ பிள்ளை" என்றார். நல்ல மனிதர். ஆனால் அண்ணே, அவருக்கும் அந்தச் சொல் சட்டத்தில் உள்ள ஒரு சொல்தான். கேட்டுக் கேட்டுப் பழகிய சொல்.

திரும்பி வந்த பஸ்ஸில் எல்லாரும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். தண்டனை அங்கேயே வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

அடுத்த கிழமை அதிகாரிகள் வந்து, கிணற்றை மூடச் சொன்னார்கள். ஆள் கொண்டு வரவில்லை. நம் ஆட்களையே கூப்பிட்டார்கள். நம் ஆட்களும் போனார்கள். உங்களோடு சேர்ந்து அள்ளி வெளியே கொட்டிய அதே மண்ணைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள். சின்னச்சாமி மாமாவும் போனார். மண் தண்ணீரில் விழுகிற சத்தம் வீடுவரை கேட்டது. அண்ணி காதைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் அடுப்படியில் இருந்தார். ஒருவராவது முடியாது என்று சொல்லியிருக்கலாமே? யாரும் துவக்கு நீட்டவில்லை. யாரும் அடிக்கவில்லை. ஒரு மனிதன் கும்பிட்டுச் சிரித்ததைப் பார்த்திருந்தார்கள், அது போதுமாக இருந்தது.

நீங்கள் திரும்பி வந்தீர்கள். தலை மொட்டை, கன்னம் ஒட்டி, கைகள் காய்த்து. சிறையில் கல் உடைத்தீர்கள் என்று பிறகு தெரிந்தது. யாரும் உங்களைப் பார்க்க வரவில்லை. எதிரில் வந்தவர்கள் வேறு பாதையால் போனார்கள். உங்களைக் கண்டால் அவர்களுக்கு வெட்கம் என்று நான் நினைத்தேன். அண்ணி சொன்னார், "வெக்கம் இல்ல பாக்கியம், பயம். ஒட்டிக்கும்னு பயம்."

சட்டத்தரணி சொன்ன அர்த்தத்தை ஒருநாள் உங்களிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று யோசித்ததுண்டு. ஆனால் நீங்கள்தான் கேட்டீர்கள். சிறைக்குள் இருந்தவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேலி செய்தார்களாம். "டிட்டரண்டு" என்று நீங்கள் உச்சரித்துப் பார்த்தீர்கள். பிறகு கேட்டீர்கள்:

"அப்ப எனக்குக் குடுத்தது எனக்கு இல்லைங்கிற?"

"இல்லையாம் அண்ணே. மத்தவங்களுக்காம்."

"மத்தவங்களுக்குன்னா… அப்ப அந்தக் கோட்டுல நான் யாரு புள்ள?"

நான் எழும்பிப்போய் விளக்கை ஏற்றினேன்.

அதற்குப் பிறகு நீங்கள் மாறிவிட்டீர்கள். வயலுக்குப் போனீர்கள், வந்தீர்கள், கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தீர்கள். எல்லைக் கல் இருந்த பக்கம் முகத்தைத் திருப்புவதே இல்லை. ஒருநாள் ராணி சுள்ளி பொறுக்கக் கல்லைத் தாண்டிவிட்டாள் என்று ஓடிப்போய் அவளை அடித்தீர்கள். வாழ்க்கையில் முதல்தடவையாக அடித்தீர்கள். அன்றைக்குப் பின்னேரம் மரம் ஏற்றிய லொறிகள் அதே காட்டுக்குள்ளிருந்து வந்து, நம் வாசலால் பெரிய றோட்டுக்குப் போயின. முதிரை, பாலை, அப்படி அப்படியே. ஓட்டுகிறவன் உங்களுக்குக் கை காட்டிவிட்டுப் போனான். நீங்களும் பதிலுக்குக் கை காட்டினீர்கள்.

அடுத்த கோடையில் மழை பிந்தியது. குளத்துத் தண்ணீர் பச்சையாகிவிட்டது. காய்ச்சித்தான் குடித்தோம், ஆனால் வயலில் நிற்கிற மனிதன் காய்ச்சியா குடிப்பான்? உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று கசாயம் கொடுத்தோம். இறங்கவில்லை. கணபதிப்பிள்ளை ஐயாதான் தன்னுடைய டிராக்டரைக் கொண்டுவந்தார். பெட்டியில் வைக்கோல் போட்டு உங்களைப் படுக்கவைத்து, அண்ணி மடியில் தலையை வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போனோம். நெருப்புக்காய்ச்சல், டைபாய்டு, பிந்திக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றார் டொக்டர்.

"என்ன தண்ணி குடிக்கிறனீங்கள்?"

"கொளத்துத் தண்ணிங்க" என்றார் அண்ணி.

"ஏன், கிணறு இல்லையோ?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் கணபதிப்பிள்ளை ஐயாவைப் பார்த்தேன். அவர் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். டொக்டர் எங்களுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து இன்னொருதடவை கேட்டார்.

உங்களை எடுக்கும்போது குடியேற்றம் முழுக்க வந்தது. நன்றாக அழுதார்கள். சின்னச்சாமி மாமா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர்கள் அழுகை பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு ஒரு சொட்டும் வரவில்லை. உங்களைக் கழுவக் குளத்திலிருந்துதான் தண்ணீர் எடுத்து வந்தார்கள் அண்ணே.

அதற்குப் பிறகு சண்டை வந்து காலம் கெட்டுப் போனது, உங்களுக்குத் தெரியாது. அந்தச் சொல் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. எந்த உடுப்புப் போட்ட துவக்குக்காரர் வந்தாலும் அதே வேலைதான். ஒரு கடையை எரிப்பார்கள், மற்றக் கடைக்காரர் விளங்கிக்கொள்ள. ஒரு மனிதனைக் கம்பத்தில் கட்டி, கழுத்தில் அட்டையைத் தொங்கவிடுவார்கள், பஸ்ஸில் போகிறவர்கள் வாசிக்க. அந்தத் துவக்குக்காரர்களில் பலருக்கு ஆங்கிலமே தெரியாது. சொல் தெரியாமலே அதன் அர்த்தத்தை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நான் ஒவ்வொருதடவையும் கட்டப்பட்டவனின் முகத்தைத்தான் பார்ப்பேன். நான் யார் என்று அவனும் கேட்டிருப்பான்.

உங்களைப் பிடித்த அதிகாரிகளின் கந்தோர்க் கட்டடம் வெறிச்சோடிக் கிடக்கிறது. கதவைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஜீப் வருவதில்லை. காடு எங்கள் பக்கம் பாதி வெளித்துவிட்டது. வெட்டுகிறவர்கள் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் குடியேற்றத்தில் ஒரு ஆளும் அந்தப் பள்ளத்தின் பக்கம் போவதில்லை. எல்லாரும் குளத்துக்குத்தான் நடக்கிறார்கள்.

போன கிழமை அந்த ரேடியோவைக் கேட்ட அன்றைக்குப் பின்னேரம், சின்னச்சாமி மாமா வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"மாமா, கெணத்தத் திரும்பத் தோண்டுவமா? இப்ப யாரு வந்து தடுக்கப் போறா?"

"எதுக்கு வம்பு பாக்கியம்? இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு வருவாங்க. உங்க அண்ணன் பட்டது போதாதா?"

அவருடைய மருமகள் அடுப்படியில் நின்றாள். துணுக்காய்ப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடித்து வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. வயிற்றில் பிள்ளை. அவளிடம் கேட்டேன், "நீ ஏன் புள்ள இவ்வளவு தூரம் கொடம் தூக்குற? அந்தப் பள்ளத்துல தண்ணி இருக்குன்னு தெரியாதா?"

"அங்க போகக் கூடாதாம் அக்கா" என்றாள்.

"ஏன்?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "தெரியாது அக்கா. போகக் கூடாதாம்."

உங்கள் பெயரே அவளுக்குத் தெரியாது அண்ணே. கோட்டு வழக்கும் தெரியாது, நீங்கள் கும்பிட்டதும் தெரியாது. ஆனால் கையை இழுத்துக்கொள்ள அவளுக்குத் தெரிகிறது. பிறக்கப் போகிற பிள்ளைக்கும் அவள் அதைச் சொல்லிக் கொடுப்பாள். உங்கள் ஆறு மாதம் இன்னும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். நிறுத்தவில்லை. கடைசியில் சொன்னார்: "அவங்க நெனைச்சது நடந்துருச்சு பாக்கியம். நீயும் நானுந்தான் மிச்சம். நம்மகிட்டயும் நடந்துருச்சுன்னா, அவரு சும்மா போன மாதிரி." பிறகு களைந்த தண்ணீரை மாட்டுக்கு ஊற்றிவிட்டு வந்து, "நான் எறங்குறேன். நீ மேல நின்னு மண்ணு இழு" என்றார். ராணி தானும் வருவேன் என்றாள். அண்ணி அவளுக்கும் ஒரு மண் கூடையை எடுத்து வைத்தார்.

நாளைக்கு விடிந்ததும் போகிறோம். யாரையும் கூப்பிடப் போவதில்லை. மூன்று பெண்களால் ஆகிற வேலையா, எத்தனை நாள் பிடிக்கும், ஊற்று இன்னும் இருக்கிறதா, இடையில் எந்த உடுப்புக்காரர் வந்து நிற்பார், ஒன்றும் தெரியாது. தண்ணீர் ஊறினால் முதல் குடத்தைச் சின்னச்சாமி மாமாவின் மருமகள் வாசலில் கொண்டுபோய் வைப்பேன். கேட்டு வருகிற எல்லாருக்கும் அள்ளிக் கொடுப்பேன். நீங்கள் இருந்தால் அப்படித்தான் செய்வீர்கள், அதனால் செய்வேன். இது சத்தியம்.

ஆனால் உங்கள் கிணற்றை மூடிய அவர்களை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் உங்களுக்கு ஒருநாளும் எழுத மாட்டேன். அதை என்னிடம் கேட்காதீர்கள் அண்ணே.

உங்கள் கூடப்பிறந்த ஒரே தங்கை,
பாக்கியம்